மேனாம்பேட்டில் ஒரு ஜப்பான் பாலம்

கப்பலில் சமையல் வேலை பார்த்த என் தாய்மாமா ஜப்பானிலிருந்து கொண்டுவந்த பெட்டிக்குள் நான் முதன்முதலாகக் கண்ணை வைத்தபோது எனக்கு எட்டு வயது. வெள்ளைக்காரன் ஒருநாள் போய்விடுவான் என்று மேனாம்பேட்டில் யாரும் பேசி நான் கேட்டிராத காலம் அது.

மாமா அந்தக் கார்த்திகையில் மழைக்கு நடுவே வந்து இறங்கினார். அம்மாவுக்கு மீன் படம் போட்ட பீங்கான் கோப்பை. நைனாவுக்குச் சவரக்கத்தி. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். எனக்கு மட்டும் மரத்தில் செய்த ஒரு விநோதமான சாமான். முன்னால் மூக்கு வைக்கப் பள்ளம், இரண்டு பக்கமும் கண்ணாடி வில்லைகள், எதிரே ஒரு அட்டையைச் செருகக் கம்பி. அட்டையில் ஒரே படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு தடவை ஒட்டியிருந்தார்கள். ஒரு படத்தை எதற்கு இரண்டாக ஒட்டவேண்டும், ஜப்பான்காரனுக்குக் காசு மிச்சம் போலிருக்கிறது என்று அத்தை சொன்னாள். அத்தை நைனாவின் அக்கா. கணவரை இழந்து எங்களோடு இருந்தவள். உலகத்தில் நடக்கும் எதையும் அவள் இலேசில் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

நான் கண்ணை வைத்தேன். முதலில் இரண்டும் கலங்கலாக ஆடின. பிறகு ஏதோ ஒரு கணத்தில் படம் கதவைப்போல் உள்பக்கமாகத் திறந்துகொண்டது.

ஒரு பெரிய மலையாறு. பாறைகளுக்கு நடுவே நுரைத்துக்கொண்டு வந்த தண்ணீர் என் முகத்துக்கு நேராகப் பாய்ந்தது. அக்கரையில் மரங்கள், ஒவ்வொன்றும் கோயில் கொடிமரம் மாதிரி நிமிர்ந்து, மேலே போகப் போக இருட்டி, படத்தின் விளிம்பில் முடியாமல் எங்கேயோ போய்க்கொண்டிருந்தன. அந்த இருட்டுக்கு முன்னால், ஆற்றின் மேல், வில்லை வளைத்தாற்போல் ஒரு சிவப்புப் பாலம் நின்றது. படத்துக்குக் கையால் வண்ணம் தீட்டியிருந்தார்கள். குங்குமம் கரைத்து ஊற்றிய சிவப்பு. அந்தப் பாலத்தின் மேல் ஒரு ஈ காக்கை இல்லை. கையை நீட்டினால் கைப்பிடிச் சட்டம் விரலில் படும் என்று தோன்றியது. நீட்டினேன். அத்தையின் மூக்குதான் பட்டது.

மாமா பொய் சொல்கிறவர் அல்ல. கப்பலில் ஏதோ பழுது என்று யோகஹாமா துறைமுகத்தில் இருபது நாள் கட்டிப்போட்டார்களாம். வெயில் தாங்காமல் மலைக்குப் புறப்பட்ட வெள்ளைக்கார அதிகாரி ஒருவர், சமைத்துப் போட மாமாவையும் கூட்டிப் போயிருக்கிறார். நிக்கோ என்று அந்த ஊருக்குப் பெயர்.

"அந்தப் பாலத்தாண்ட ஒரு நாள் முச்சூடும் நின்னுகினு பாத்தேன்" என்றார் மாமா. "ஒருத்தன் மிதிக்கல. ரெண்டு பக்கமும் கதவு போட்டுப் பூட்டி வெச்சுக்கீறான். ராசா வந்தா தொறப்பான், சாமி காரியம்னா தொறப்பான். மத்தவனுக்கு நஹி."

"அப்புறம் எதுக்குடா பாலம்?" என்று கேட்டாள் அம்மா. மாமா அவளைவிட ஐந்து வயது மூத்தவர். ஆனாலும் அம்மா அவரை 'டா' போட்டுத்தான் பேசுவாள்.

அப்போதுதான் மாமா அந்தக் கதையைச் சொன்னார். ஆயிரம் வருஷத்துக்கு மேலே இருக்குமாம். ஒரு சாமியார் சீடர்களோடு மலைக்குக் கும்பிடப் போனார். வழியில் இந்த ஆறு. இறங்கினால் எலும்பு தேறாது. கரையில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டார். அக்கரையில் ஒரு சாமி தோன்றியது. கழுத்தில் மண்டையோட்டு மாலை, கையில் இரண்டு பாம்பு. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். சாமி அவற்றை ஆற்றின் மேல் வீசியது. இரண்டும் இக்கரைக்கும் அக்கரைக்குமாக நீண்டு, ஒன்றையொன்று பின்னிக்கொண்டு பாலமாகக் கிடந்தன. சாமியாருக்குக் கால் வழுக்கக் கூடாது என்று பாம்பு முதுகில் புல் முளைத்தது. அவர் மிதித்துக் கடந்தார். திரும்பிப் பார்த்தால் பாம்பும் இல்லை, சாமியும் இல்லை. அந்த இடத்தில்தான் இந்தப் பாலம்.

அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "கழுத்துல மண்டையோடு, கையில பாம்பு. நம்ம சிவன்தான். அங்கயும் போய்க்கீறாரு" என்றாள். வாழ்நாளில் அவள் விவாதமில்லாமல் ஒப்புக்கொண்ட ஒரே செய்தி அதுவாகத்தான் இருக்கும்.

மாமா ஒரு வாரம் இருந்துவிட்டு, அடுத்த கப்பல் கிடைக்கும்வரை பட்டணத்தில் தங்கப் போய்விட்டார். நான் அந்தப் பெட்டியோடு தங்கினேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் காதில் விழாது. பார்க்கப் பார்க்க ஒரு எண்ணம் எனக்குள் வளர்ந்தது. யாரும் மிதிக்காததால்தான் அது அத்தனை அழகாக இருக்கிறது.

எங்கள் ஊரிலும் ஒரு பாலம் இருந்தது. ஏரியிலிருந்து வரும் கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஊரும், சற்றுத் தள்ளிச் சேரியும். அந்தப் பக்கம் எங்கள் வயல்கள், அவற்றைத் தாண்டி அம்பத்தூர் ஸ்டேஷன். கால்வாயின் மேல் இரண்டு பனைமரங்களை வெட்டிப் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தியிருந்தார்கள். ஊர்க்காரர்களும் சேரிக்காரர்களும் அதன் மேல்தான் போக வேண்டும். இல்லையென்றால் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு ஒன்றரை மைல்.

இரண்டு மரம். இரண்டு பாம்பு. இதை எப்படி இத்தனை நாள் கவனிக்காமல் இருந்தேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

மார்கழியில் வைகுண்ட ஏகாதசி வந்தது. ஊரே ரயிலேறித் திருவள்ளூர்க் கோயிலுக்குப் போயிற்று. இரவு முழுக்கக் கண்விழித்துவிட்டுக் காலையில் திரும்புவதாக ஏற்பாடு. சேரி ஜனங்கள் போகவில்லை. அவர்களைக் கோயிலுக்குள் விடமாட்டார்கள். நானும் போகவில்லை. எனக்குப் பொன்னுக்குவீங்கி. தாடை இரண்டும் உப்பி, கழுத்தில் அத்தையின் தங்கச் சங்கிலியை மாட்டிக்கொண்டு வீட்டில் கிடந்தேன். காவலுக்கு இருந்த அத்தை மதியச் சாப்பாடு முடிந்ததும் குறட்டை விட ஆரம்பித்தாள்.

மாட்டுப் பொங்கலுக்குக் கொம்பில் பூசுவதற்காக, நைனா பூந்தமல்லியில் ஒரு பாய் கடையில் சிவப்புச் சாயம் வாங்கி வைத்திருந்தார். நெல் தொம்பைக்குப் பின்னாலிருந்து அந்த டப்பாவை எடுத்துக்கொண்டேன். பனைமட்டையின் நுனியை நசுக்கித் தூரிகை செய்தேன். நீலத்துக்கு வழியில்லாததால் இரண்டு பாம்பையும் சிவப்பாக்குவது என்று முடிவு செய்தேன். மரத்தின் மேல் குப்புறப் படுத்துப் பின்வாங்கிப் பின்வாங்கிப் பூசினேன். மரத்தின் சொரசொரப்பெல்லாம் சாயம் ஏறியதும் செதிலாகத் தெரிந்தது. எங்கள் பக்கத்து நுனிகளில் தலை. நைனாவின் வெற்றிலைப் பெட்டியிலிருந்து எடுத்த சுண்ணாம்பால் நாலு கண் வைத்து, விளக்குக் கரியால் மணி வைத்தேன்.

முடித்து எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அக்கரையில் முனுசாமி நின்றுகொண்டிருந்தார். போன வருஷம்வரை எங்கள் வயலில் ஏர் ஓட்டியவர். இப்போது பட்டணத்தில் ஒரு மில்லில் வேலை கிடைத்து, விடியற்காலை ரயிலில் போய்ச் சாயங்காலம் திரும்புவார். அவரைப் பார்த்துச் சேரியில் இன்னும் நாலைந்து பேர் போக ஆரம்பித்திருந்தார்கள்.

"பாப்பா, இன்னா பண்ணிகினு கீறே?"

"மிதிக்காதே. ஈரம்" என்றேன். பெரியவர்களிடமும் நான் அப்படித்தான் பேசுவேன், அவர்கள் சேரிக்காரர்களாக இருந்தால். எனக்குக் கற்றுக்கொடுத்தது அது.

அவர் பாலத்தைப் பார்த்தார். குனிந்து பாம்பின் வால்பக்கத்தைப் பார்த்தார். "நல்லா கீது பாப்பா. நெசப் பாம்பு கணக்கா கீது" என்றார். பிறகு வேட்டியை அவிழ்த்துத் தலையில் சுற்றிக்கொண்டு, சோற்றுத் தூக்கை அதன்மேல் வைத்து, கோவணத்தோடு கால்வாயில் இறங்கினார். தண்ணீர் மார்பளவு இருந்தது. மார்கழித் தண்ணீர். பல் கிட்டிக்க இந்தப் பக்கம் ஏறி, என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். குழந்தை பூசியது கலையக் கூடாது என்று ஒரு மனிதர் செய்த காரியம் அது. என் பாலத்துக்குக் கிடைத்த முதல் மரியாதை என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடியலில் பனி இறங்கியிருந்தது. அத்தையை எழுப்பி, எல்லாரும் வரும் நேரமாயிற்று என்று கரைக்கு இழுத்துப் போனேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. கோவிந்தா கோவிந்தா என்ற சத்தம் மட்டும் வயலைத் தாண்டி வந்தது. பிறகு பனிக்குள்ளிருந்து நாற்பது ஐம்பது பேர் உருவமானார்கள். இரவெல்லாம் தூங்காத கண்கள், நெற்றியில் நாமம், கையில் துளசி. சத்தம் பாதியில் நின்றது.

சூரியன் அப்போதுதான் ஏரிக்கரைக்கு மேலே வந்தது. தண்ணீரிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. அந்த ஆவிக்கு நடுவே, மிதப்பதுபோல், இரண்டு சிவப்பு உடல்கள் பளபளத்தன. நான் பூசியதுதான் என்பது எனக்கே மறந்துபோயிற்று. மாமாவின் பெட்டிக்குள் பார்த்தது வெளியே வந்து நிற்கிறது என்று என் முதுகுத் தண்டு சிலிர்த்தது.

அம்மன் கோயில் பூசாரிக்கு முழங்கால் மடிந்தது. "நாகாத்தம்மா" என்றார். அவ்வளவுதான். பெண்கள் குலவை இட்டார்கள். என் பக்கத்தில் அத்தை நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள்.

நைனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். பாலத்தைப் பார்த்தார். பாலத்துக்கு மேலாக என்னைப் பார்த்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன், நகக்கண்ணெல்லாம் சிவப்பு. அவர் குனிந்து ஒரு விரலால் மரத்தைத் தொட்டு, விரலை வேட்டியில் துடைத்தார். தலையை நிமிர்த்திச் சேரிப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பினார். நைனாவே கும்பிட்ட பிறகு ஊரில் யார் சந்தேகப்படுவார்கள்?

அன்று மத்தியானமே மஞ்சள் துணி கட்டி, வேப்பிலை செருகி, பால் வைத்தார்கள். செருப்போடு யாரும் ஏறக்கூடாது என்றார் பூசாரி. கால் கழுவிவிட்டு ஏறவேண்டும் என்று இரண்டாம் நாள் சேர்த்தார்கள். மூன்றாம் நாள் ஊர்ப் பெரியவர்கள் எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து பேசினார்கள். சேரி ஜனம் இனிமேல் அதை மிதிக்கக் கூடாது என்று நைனா சொன்னார். எல்லாரும் தலையசைத்தார்கள். முனுசாமியும் இன்னும் சிலரும் தெருக்கோடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் என்ன சொல்லிவிடுவாரோ என்று நடுங்கினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சேரிப் பக்கம் திரும்பி நடந்தார்.

அதற்கப்புறம் தினமும் காலையில் நான் கரைக்குப் போய் நிற்பேன். ஊர் ஆட்கள் கால் கழுவி, கன்னத்தில் போட்டுக்கொண்டு, மெதுவாகக் கடப்பார்கள். நாற்றுக் கட்டுகளைச் சுமந்த சேரிப் பெண்கள், பாலத்துக்குப் பக்கத்திலேயே தண்ணீரில் இறங்கி வரிசையாகப் போவார்கள். தலையும் நாற்றும் மட்டும் தெரியும். எனக்கு அது ஊர்வலம்போல இருந்தது.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால் ஒரு மழை பிடித்தது. சுண்ணாம்பு கரைந்து பாம்புகள் குருடாயின. அத்தைக்குத் தெரியாமல் மறுபடி கண் வைப்பது எப்படி என்று இரவு யோசித்துக்கொண்டே தூங்கிப்போனேன். காலையில் போய்ப் பார்த்தால் நாலு கண்ணும் இருந்தன. நான் வைத்ததைவிடப் பெரிதாக, உருண்டையாக, முறைத்துக்கொண்டிருந்தன.

நான் வரையாத கண்கள். அதற்குமுன் எனக்கிருந்ததெல்லாம் ஒரு பொய்யைச் சுமக்கிற பயம். அந்தக் காலையில் அது போய், வேறொன்று வந்தது. பாம்பு நிஜமாகவே வந்துவிட்டது. என் சாயத்தைச் சாமி ஏற்றுக்கொண்டது. வீட்டுக்கு ஓடிவந்து நைனாவைக் கட்டிக்கொண்டேன். அவர் என் தலையைத் தடவினார். என் கூந்தலில் சுண்ணாம்பு ஒட்டிக்கொண்டது. வெற்றிலை போடுகிறவர் விரலில் சுண்ணாம்பு இருப்பதில் அதிசயம் என்ன.

மாட்டுப் பொங்கலன்று நைனா தொம்பைக்குப் பின்னாலிருந்து டப்பாவை எடுத்து, ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, அப்படியே வைத்துவிட்டார். அந்த வருஷம் எங்கள் மாடுகளுக்கு வெறும் மஞ்சள்தான். அம்மா கேட்டதற்குச் சாயம் காய்ந்துபோயிற்று என்றார்.

முனுசாமிக்கு மில் வேலை போயிற்று. ஏரிக்கரையைச் சுற்றி ஓடினால் ரயில் போய்விடும்; கால்வாயில் இறங்கினால் ஈரக் கோவணத்தோடு வேலைக்குப் போகவேண்டும். மற்றவர்கள் அதற்கு முன்பே மில்லுக்குப் போவதை நிறுத்தியிருந்தார்கள். அவர் எங்கள் வாசலுக்கு வந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். நைனா ஏரைத் திரும்பக் கொடுத்தார். விட்டுவிட்டுப் போனவனையும் சேர்த்துக்கொள்கிற மனசு யாருக்கு வரும் என்று அத்தை தெருவெல்லாம் சொன்னாள். எனக்கும் பெருமையாக இருந்தது.

தை பாதியில் மாமா வந்தார். கப்பல் கிடைத்துவிட்டது, சொல்லிக்கொண்டு போக வந்திருந்தார். ஸ்டேஷனிலிருந்து நடந்து வந்தவர் பாலத்தைக் கண்டதும் அக்கரையிலேயே நின்று வாய்விட்டுச் சிரித்தார். நான் ஓடிப்போய் அவர் கையைப் பிடித்தேன்.

"கண்ணு, இது உன் வேலையா?"

"மொதல்ல நான்தான் மாமா. அப்பறம் நெசமாவே சாமி வந்துடுச்சு. கண்ணு அதுவே வெச்சுகிச்சு."

அவர் சிரித்துக்கொண்டேதான் இருந்தார். அப்போது வயலிலிருந்து வேலை முடிந்து சேரிப் பெண்கள் வந்தார்கள். கரைக்கு வந்ததும் பேச்சை நிறுத்தி, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். ஒருத்திக்குத் தலையில் கூடை, கூடைக்குள் பச்சைக் குழந்தை. மாமாவின் சிரிப்பு எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

"அவுங்க ஏன் எறங்கிப் போறாங்க?"

"மிதிக்கக் கூடாதுல்ல. நீதானே மாமா சொன்னே. உன் ஜப்பான் பாலம் மாதிரியே."

மாமா நடுவாய்க்காலில் ஆடும் கூடையைப் பார்த்துக்கொண்டே நின்றார். கூடை கரையேறிய பிறகு, "அத்தோட பக்கத்துலயே ஜனங்க போறதுக்கு இன்னொரு பாலம் போட்டுக்கீறான் கண்ணு" என்றார். "அத்த நான் உங்கிட்ட சொல்லாம உட்டுட்டேன்."

அன்று சாயங்காலம் அவர் நைனாவோடு பேசினார். நான் கதவிடுக்கில் நின்றேன்.

"மாப்ளே, இன்னும் ரெண்டு பனை வெட்டிப் பக்கத்துல போடு. நானே ஆள் வெச்சுத் தர்றேன்."

"ரெண்டு பாலம் எதுக்கு மச்சான்? அப்பறம் சாமி பாலத்துக்கு இன்னா மதிப்பு?"

"சாமின்றியே. அது இன்னா சாயம்னு உனக்குத் தெரியாதா?"

நைனா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவி முடித்தார். இப்போது என் பெயர் வரப்போகிறது.

"எந்தச் சாயம்?" என்றார் நைனா.

எனக்கு உயிர் வந்தது. நைனா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. இவ்வளவு அன்பான தகப்பன் உலகத்தில் வேறு யாருக்கு உண்டு என்று கதவிலேயே சாய்ந்து அழுதேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். இரவு சாப்பாடு வேண்டாம் என்றுவிட்டார்.

மறுநாள் காலை ரயிலுக்கு அவர் புறப்பட்டார். நைனா, அம்மா, நான், வழியனுப்ப வந்த ஊர்க்காரர்கள் நாலு பேர் எல்லாரும் கரைவரை போனோம். பாலத்துக்குப் பக்கத்தில் முனுசாமியும் இன்னும் இரண்டு பேரும் கலப்பையை வைத்துக்கொண்டு, நாங்கள் விலகட்டும் என்று காத்திருந்தார்கள். பூசாரி மாமாவுக்குக் கால் கழுவச் செம்பில் தண்ணீர் நீட்டினார்.

மாமா வாங்கவில்லை. சட்டையைக் கழற்றினார். கப்பல்காரர் போடுகிற நல்ல நீலக் கால்சட்டையைக் கழற்றவில்லை. தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு, முனுசாமி நின்ற இடத்துக்குப் போய், அவருக்கு முன்னால் தண்ணீரில் இறங்கினார்.

"மச்சான்" என்றார் நைனா. அவ்வளவு மெல்லிய குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஊர்க்காரர்கள் தரையைப் பார்த்தார்கள்.

மாமா மார்பளவு தண்ணீரில், என் பாலத்தை ஒட்டி, பெட்டி ஆடாமல் நடந்தார். முனுசாமியும் கலப்பையோடு பின்னால் இறங்கினார். உலகத்தின் கடலையெல்லாம் பார்த்தவர், நிக்கோவில் ராசா மட்டும் மிதிக்கும் பாலத்தையே நேரில் கண்டவர், என் பாலத்தின் மேல் கால் வைக்க அஞ்சி இறங்கிப் போகிறார் என்று எனக்கு மெய்சிலிர்த்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. கைகூப்பிக்கொண்டு நின்றேன். அக்கரை ஏறியதும் திரும்பி என்னைப் பார்ப்பார், தலையசைப்பார் என்று காத்திருந்தேன்.

முனுசாமி முந்திக் கரையேறிக் கைகொடுத்தார். அதைப் பிடித்துக்கொண்டு மாமா கரையேறினார். கால்சட்டையிலிருந்து நீர் சொட்டச் சொட்ட வரப்பில் நடந்தார். ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.